வீட்டிலிருந்தே இந்திய அருங்காட்சியகங்கள்: ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: “அம்மாவுக்கு முழங்கால் வலி, நெடுந்தூரப் பயணம் முடியாது. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இந்தியாவின் பெரிய அருங்காட்சியகங்களை மூன்று பேருமாக வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஒரு விர்ச்சுவல் டூரைத் திறந்தோம். கொஞ்ச நேரத்திலேயே கண் வலித்தது, எதுவும் மனதில் நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது? இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டுமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டத் தேவையில்லை. கீழே நான் சொல்லும் தளங்களை எல்லாம் இலவசமாகவே பார்க்கலாம்.

விர்ச்சுவல் டூர் சலித்துப்போனதில் வியப்பில்லை. கூடத்தின் நடுவில் கேமராவை வைத்துச் சுற்றிலும் எடுத்த படம் அது. கூடம் எவ்வளவு பெரியது, எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன நாணயமோ, பக்கத்தில் உள்ள விளக்க அட்டையோ பெரும்பாலும் சரியாகத் தெரியாது. நேரில் போகத் திட்டமிடுபவருக்கு அது உதவும். உங்களுக்குத் தேவை அருங்காட்சியகங்களின் பொருள் பதிவுகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: படம், பெயர், அளவு, எதனால் ஆனது, எங்கே கிடைத்தது, எந்தக் காலம். அதனால் எந்த அருங்காட்சியகத்தைப் பார்ப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது உங்களை ஒரு அருங்காட்சியகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே கூட்டிக்கொண்டு போகும்.

தொடங்க நல்ல இடம் மத்திய கலாசார அமைச்சகத்தின் ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ தளம். தில்லி தேசிய அருங்காட்சியகம், 1814இல் தொடங்கிய கொல்கத்தா இந்தியன் மியூசியம், விக்டோரியா மெமோரியல், அலகாபாத் அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங், தில்லி, மும்பை, பெங்களூரு நவீன கலைக்கூடங்கள், தொல்லியல் துறையின் கோவா, நாகார்ஜுனகொண்டா அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் பொருட்களை அங்கே ஒரே இடத்தில் தேடலாம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் புனேயில் உருவாக்கிய ‘ஜதன்’ என்ற மென்பொருளில் பதிந்திருப்பதால், எந்த ஊர்ப் பொருளானாலும் பதிவின் அமைப்பு ஒன்றுதான். ஒன்றைப் படிக்கப் பழகிவிட்டால் மற்றவையும் பழகிவிடும். தளம் சில நேரம் மெதுவாகத் திறக்கும், அதற்காக மூடிவிடாதீர்கள்.

பதிவில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. திரை எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்து, இப்போது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் நடன மங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகப் படத்தில் ஆளுயரச் சிலை போலத்தான் தோன்றும். உண்மையான உயரம் சுமார் 10.5 செ.மீ. மகளிடம் ஸ்கேலைக் கொடுத்து ஒரு தாளில் அந்த அளவுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தக் கை முழுக்க அடுக்கிய வளையல்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதைச் செய்தவரின் கைத்திறன் புரியும். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதைக் கொண்டு அச்செடுத்து வார்த்த வெண்கலச் சிலை அது; அவ்வளவு சின்ன மெழுகு உருவிலேயே வளையல்கள் எல்லாம் வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பின்பக்கம். சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சிலை இருக்கிறது. ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்தின் இரண்டு பாத்திரங்கள்: ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கும் சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸ், மறுபக்கம் தலை குனிந்த பெண் மார்கரெட்டா. நேரில் போகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதற்காகப் பின்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் பாதிச் சிலையைத்தான் பார்த்திருப்பீர்கள். அதனால் வேறு கோணப் படங்கள் உண்டா என்று எப்போதும் தேடுங்கள். அதே அருங்காட்சியகத்தில் பென்சோனி செதுக்கிய ‘முக்காடிட்ட ரெபேக்கா’வையும் விட்டுவிடாதீர்கள், முதலாம் சாலார் ஜங் 1876இல் ரோமில் வாங்கியது. கல்லிலே மெல்லிய துணி தெரியும்.

இனி, ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போவது எப்படி என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பாதை அமராவதி. ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மாபெரும் பௌத்த ஸ்தூபி இன்று முழுதாக எங்கும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி 1797இல் அந்த இடத்தைப் பார்த்தார். 1845இல் இன்னொரு அதிகாரியான வால்டர் எலியட் அங்கே தோண்டினார், கிடைத்த சிற்பக் கற்பலகைகள் சென்னைக்கு வந்தன. அவற்றில் பல அப்புறம் கப்பலேறி லண்டன் போய், 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்தன. இன்று அந்த ஒரே ஸ்தூபி எழும்பூரிலும் லண்டனிலும் கொல்கத்தாவிலும் அமராவதியிலேயே உள்ள அருங்காட்சியகத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. நேரில் எல்லாவற்றையும் பார்ப்பது நல்ல உடல்நலம் உள்ளவருக்கே கடினம். இணையத்தில் நான்கு ஊர்களும் நான்கு ஜன்னல்கள்தான்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் தேடல் பக்கத்தில் அமராவதி என்று தேடிப் பாருங்கள். அங்குள்ள பலகைகளில் ஒன்றின் ஒரு பக்கத்தில் ஸ்தூபியின் உருவமே செதுக்கப்பட்டிருக்கிறது. அழிந்துபோன கட்டடம் எப்படி இருந்தது என்று அறிய நமக்குக் கிடைத்த நல்ல சான்று அது. அதே பலகையின் மறுபக்கத்தில் அதைவிடப் பழைய செதுக்கல்: போதி மரம், காலி ஆசனம், வணங்கி நிற்பவர்கள். பழைய பலகையைத் திருப்பி மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். புத்தரை உருவமாகக் காட்டாத காலத்துச் சிற்பம் அந்தப் பின்பக்கத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஒரு பலகையை வைத்தே மூன்று பேரும் ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

சோழர் செப்புத் திருமேனிகளையும் இப்படியே தொடரலாம். திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவற்றில் அர்த்தநாரீஸ்வரர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். தலைப்பாகை கட்டி, ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில். பக்கத்தில் பக்கத்தில் படங்களை வைத்துப் பாருங்கள். அம்மாவுக்குக் கோயில் பழக்கம் இருந்தால், எந்தக் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை நம் எல்லோரையும்விட அவரே நன்றாகச் சொல்வார். ரிஷபவாகனருக்குக் கோயில் கல்வெட்டு இருப்பதால் ஆண்டு 1011 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. கல்வெட்டு இல்லாத சிலைகளுக்குப் பாணியை வைத்துத்தான் காலம் சொல்கிறார்கள். அதனால் இரண்டு தளங்களில் ஒரே சிலைக்கு வெவ்வேறு நூற்றாண்டு போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

தேடும்போது பலரும் கைவிடுவது எழுத்துக்கூட்டலில்தான். இந்தத் தளங்களில் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, நம் ஊர்ப் பெயர்களை ஒரே மாதிரி எழுதுவதில்லை. திருவெண்காட்டை ‘டி’ மட்டும் போட்டும், ‘டி’யோடு ‘ஹெச்’ சேர்த்தும், ‘கா’வுக்கு ‘கே’ போட்டும் ‘ஜி’ போட்டும் தேட வேண்டும். மாமல்லபுரம் கிடைக்காவிட்டால் மகாபலிபுரம். நடராஜர் கிடைக்காவிட்டால் நடேசர். உலோகச் சிலைகள் வெண்கலம் என்றும் இருக்கும், செம்புக் கலவை என்றும் இருக்கும், சும்மா உலோகம் என்றும் இருக்கும். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, பொருளின் வகையையும் நூற்றாண்டையும் கொடுத்தால் சில நேரம் எதிர்பாராத நல்ல பொருள் சிக்கும்.

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரை ஓவியங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிக நுணுக்கமாக எடுத்த படங்களில் தூரிகைத் தடம்வரை பெரிதாக்க முடியும். ரவி வர்மாவின் புடவைச் சரிகையை அப்படிப் பார்த்தால் நேரில் கயிற்றுத் தடுப்புக்கு வெளியே நின்று பார்ப்பதைவிட அதிகம் தெரியும். இதைக் கைபேசியில் பார்க்காதீர்கள். மடிக்கணினியோ டிவியோ நல்லது. பார்ப்பதன் பின்னணி புரிய, பெங்களூருவின் மேப் அருங்காட்சியகத்தோடு சேர்ந்த மேப் அகாடமியின் இந்தியக் கலைக் களஞ்சியத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். அந்த அருங்காட்சியகமே 2020 டிசம்பரில் முதலில் இணையத்தில்தான் திறந்தது. கட்டடம் திறந்தது 2023இல்.

பார்த்ததைக் குறித்துவைக்கும் பழக்கம் மகளுக்கு வரட்டும். படத்தைச் சேமித்தால் மட்டும் போதாது. அருங்காட்சியகத்தின் பெயர், பொருளின் பதிவு எண், கிடைத்த ஊர் இந்த மூன்றும் கூடவே இருக்க வேண்டும். இது பள்ளிப் பாடத்துக்கு மட்டும் உதவும் விஷயம் இல்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டிருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் முன்பே எடுத்துவைத்திருந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டதால்தான் அவர் அடையாளம் தெரிந்தது, 2014இல் இந்தியாவுக்குத் திரும்பினார். ஊர்ப் பெயரோடு ஒழுங்காக வைத்திருந்த ஒரு படம் செய்த வேலை அது.

பள்ளிப் ப்ராஜெக்டில் படத்தை ஒட்டுவதானால் அடியில் அருங்காட்சியகத்தின் பெயரைப் போடச் சொல்லுங்கள். பொதுவெளியில் பதிவிடுவதற்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு விதி. பிரிட்டிஷ் மியூசியம் பெரும்பாலான படங்களை வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு, பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மற்ற தளங்களில் பக்கத்தின் அடியில் உள்ள காப்புரிமைக் குறிப்பைப் படித்துவிட்டுப் பதிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பொருள், அரை மணி நேரம், அது போதும். தேடிய பொருளுக்குப் பதிவு இருந்து படம் மட்டும் இல்லையென்றால், பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.