மூட்டுத் தேய்மானம்: பிஆர்பி ஊசி, ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு திரும்ப வளருமா?

உங்கள் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, எந்த ஊசி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியன் அல்ல. திருகோணமலையில், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவோடு கிளினிக் வாசல்களில் காத்திருந்தவன், அவ்வளவுதான்.

எந்த ஊசி போட்டாலும் குருத்தெலும்பு திரும்ப வளராது. எலும்பு முனைகளை மூடியிருக்கும் அந்த வழுவழுப்பான மெத்தைக்கு இரத்தக் குழாயே கிடையாது. தேய்ந்த இடத்தைச் சரிசெய்ய உடம்பிலிருந்து எதுவும் அங்கே எளிதில் போய்ச் சேராது.

கையில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றி, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் செறிந்த மஞ்சள் நீரை மூட்டுக்குள் ஏற்றுவதுதான் பிஆர்பி. மாமா கொழும்புக்குப் போய் வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார். ஏழெட்டு மாதம் வலி குறைந்தது உண்மை. கோணேசர் கோவில் ஏற்றத்தை எங்கும் நிற்காமல் ஏறினார். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அந்தச் சுகமும் ஊசியால்தான் வந்ததா என்று இப்போது எனக்குச் சந்தேகம். 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 288 பேரில் பாதிப்பேருக்கு இதே மூன்று ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர். ஓராண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஸ்டெம் செல் என்பது வேறு திசுக்களாக வளரக்கூடிய மூல உயிரணு; அந்த ஊசிக்கு வீட்டை அடகு வைக்காதீர்கள். எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுத்த மூன்று வகையையும், வீக்கத்தைக் குறைக்கும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு அமெரிக்காவில் ஒப்பிட்டார்கள். 2023இல் முடிவு வந்தது: ஓராண்டில் எதுவும் அதை மிஞ்சவில்லை.

படையில் இருந்தவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருவது உண்மைதான். அமெரிக்கப் படையினரில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மற்றவர்களைவிட இரு மடங்கு என்று ஓர் ஆய்வு சொல்கிறது. சுமையும் பழைய காயங்களும் காரணமாக இருக்கலாம். மாமா கப்பல் ஏணிகளைத்தான் திட்டுவார்.

அவருக்குக் கைகொடுத்தது தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. சனிக்கிழமைகளில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போவார். அங்குள்ள ஏழு கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்தாலும் குருத்தெலும்பை வளர்க்காது. ஆனால் டிக்கெட் விலை ஊசி விலையல்லவே!

எக்ஸ்ரேயில் தேய்மானம் எந்த நிலையில் இருக்கிறது என்று எலும்பு வைத்திய நிபுணரிடம் முதலில் கேளுங்கள். மிக மோசமான நான்காம் நிலை என்றால் ஊசிக்குச் சேர்க்கும் பணத்தை மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாமாவும் வலது காலுக்கு அதற்குத்தான் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.