நீங்கள் கற்றுக்கொண்டதில் மறக்கவே முடியாத ஆங்கிலச் சொல் எது?

கன்டென்ஷியஸ். ஒரு விஷயத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்று, விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறார்கள் என்றால் அந்த விஷயத்துக்கு இந்தப் பெயரடை பொருந்தும். அழுத்தம் நடுவில் உள்ள 'டென்'னில் விழ வேண்டும்.

இதை நான் தப்பாக எழுதித்தான் கற்றேன். கூட வேலை பார்த்த ஒருவர் எந்தக் கணக்கையும் இரண்டு முறை சரிபார்க்காமல் அனுப்ப மாட்டார். அவரைப் பாராட்டி மேலதிகாரிக்கு எழுதிய மின்னஞ்சலில் 'மிகவும் கன்டென்ஷியஸ் ஆனவர்' என்று போட்டுவிட்டேன். மனதில் இருந்தது கான்ஷியென்ஷியஸ், அதாவது மனசாட்சிப்படி கருத்தாக வேலை செய்பவர். எழுதியதற்கோ, எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவர் என்று பொருள். "உங்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது பிரச்சினையா?" என்று மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உடனே திருத்தி அனுப்பினேன். நல்ல மனிதருக்கு என் கையால் கெட்ட பெயர் வரப் பார்த்ததே என்று பல நாள் உறுத்தியது.

அப்புறம் சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தேன். லத்தீனில் 'டெண்டெரே' என்றால் இழுப்பது, விறைப்பாக நீட்டுவது. டென்ஷன் அந்த வேரிலிருந்து வந்தது. துணியை இழுத்துக் கட்டுகிறோமே, அந்த டென்ட்டும் அப்படித்தான். இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க, நடுவில் கயிறு விறைத்து நிற்கிறது. நம் 'இழுபறி' கண்முன் கொண்டுவருவதும் இதைத்தானே! அதைக் கண்ட பிறகு எனக்கு இந்தச் சொல்லில் குழப்பமே வந்ததில்லை.

கன்ட்ரோவர்ஷியல் என்றால் பெரும்பாலும் ஊரே பேசும் சர்ச்சை. கன்டென்ஷியஸுக்கு ஊர் தேவையில்லை, மூடிய அறையில் நான்கு பேர் போதும். ஒப்பந்தத்தில் மற்ற பிரிவுகளுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு பிரிவில் முட்டிக்கொண்டு நிற்பார்கள் பாருங்கள், அது கன்டென்ஷியஸ் பிரிவு. இங்கிலாந்து வக்கீல்கள் உயில் எழுதுவது, வீட்டு விற்பனைப் பத்திரம் தயாரிப்பது போன்ற வழக்கில்லாத வேலைகளை நான்-கன்டென்ஷியஸ் என்றே பிரித்துச் சொல்கிறார்கள். டிவைசிவ் இன்னும் கடுமையானது, ஆட்களையே இரண்டாகப் பிளந்துவிடும்.

தமிழில் மூன்றுக்கும் 'சர்ச்சைக்குரிய' என்று ஒரே சொல்லைப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மொழிபெயர்க்கும்போது கன்டென்ஷியஸ் வந்தால் இப்போதெல்லாம் 'இழுபறியில் இருக்கும்' என்றுதான் எழுதுகிறேன்.