கதவை மூன்று தரம் பார்க்கும் அப்பாவும் பதினாறு புள்ளிக் கட்டுரையும்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 17. லண்டன் ஹரோவில் சிக்ஸ்த் ஃபோர்ம் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டாண்டுப் படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். ஏ லெவலுக்கு உயிரியல், சமூகவியலோடு உளவியலும் எடுத்திருக்கிறேன், ஏக்யூஏ என்ற பரீட்சை வாரியத்தின் பாடத்திட்டம். போன பரீட்சையில் உளவியலுக்கு 'டி' வந்தது. பதினாறு புள்ளிக் கட்டுரைக்கு மூன்று பக்கம் எழுதியும் 6 புள்ளிதான். ஆய்வுமுறைக் கணக்குகளைக் கண்டாலே பயம். "விசர் ஆக்களோட மாரடிக்கிற படிப்பு, கெமிஸ்ட்ரி எடுத்திருக்கலாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்று. ஓசிடி (ஒரே எண்ணமும் செய்கையும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டிப்படைக்கும் மனநோய்) பாடம் படித்ததிலிருந்து அப்பாவையே கவனிக்கிறேன். யுத்தத்துக்குள் இருந்து வந்தவர். படுக்கப்போகுமுன் வாசற்கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். அவருக்கு ஓசிடியா? அதை நினைத்தால் படிப்பு ஓடவில்லை.

அன்பு மகளுக்கு,

அப்பாவிடமிருந்து தொடங்குவோம். கதவைத் திரும்பப் பார்ப்பது மட்டும் நோயாகாது. எண்ணங்களும் செய்கைகளும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குகின்றனவா, அல்லது அவருக்குக் கடும் துன்பமாகவோ வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையூறாகவோ இருக்கின்றனவா என்பதையே மருத்துவர்கள் பார்ப்பார்கள். மூன்று தரம் இழுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர் வேறு. இரவுகளில் பயந்து வாழ்ந்தவருக்கு அந்தப் பழக்கம் வர வேறு காரணமும் இருக்கலாம். அதைப் பாடக்குறிப்பிலிருந்து தீர்மானிக்க முடியாது. பெயர் சூட்டாமல், "அப்பா, இரவில நித்திரை வருதா?" என்று மட்டும் கேளுங்கள். கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது என்று சொன்னால் ஜீபியிடம் (குடும்ப மருத்துவர்) போகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பெரியவர்கள் என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) பேச்சுச் சிகிச்சைக்கு நேரடியாகவும் பதிவுசெய்யலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

இனிக் கட்டுரை. வினாத்தாள் ஒன்றுக்கு 120 நிமிடம், 96 புள்ளி. ஆகவே பதினாறு புள்ளிக்கு 20 நிமிடம். மூன்று பக்கம் எழுதியும் 6 வந்ததற்குக் காரணம், பெரும்பாலும் விவரிப்பிலேயே நேரம் போனதுதான். சம்பவக்குறிப்பு (கேள்வியோடு ஒரு சம்பவத்தைத் தந்து அதற்குப் பொருத்தச் சொல்வது) இல்லாத கட்டுரையில் விவரிப்புக்கு 6, மதிப்பீட்டுக்கு 10. விவரிப்பை ஏழெட்டு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

மதிப்பீட்டை எழுதும்போது நான்கு குறைகளைப் பட்டியலிடுவதைவிட மூன்றை முழுதாக வளர்ப்பது மேல். நினைவைத் தனித்தனிக் கிடங்குகளாகக் காட்டும், அட்கின்சன், ஷிஃப்ரின் என்ற உளவியலாளர்களின் 1968 மாதிரியை எடுங்கள். "குறுகியகால நினைவு ஒன்றல்ல" என்று மட்டும் எழுதினால் அது வெறும் கூற்று. கேஎஃப் என்ற நோயாளிக்குக் காதால் கேட்ட இலக்கங்கள் நிற்கவில்லை, கண்ணால் பார்த்தவை ஓரளவு நின்றன என்று சேர்த்தால் சான்று. ஆகவே குறுகியகால நினைவை ஒரே கிடங்காகக் காட்டும் மாதிரி போதாது என்று முடித்தால் வாதம். விபத்தில் மூளை காயப்பட்ட ஒருவரை வைத்து எல்லாருக்கும் சொல்லலாமா என்று அதையே திருப்பிக் கேட்டால் மேல்நிலைப் புள்ளி.

ஆய்வுமுறையைக் கட்டாயம் பழகுங்கள். இரண்டாம் வினாத்தாளில் பாதி, 48 புள்ளி, அதற்குத்தான். கையால் கணக்கிடச் சொல்லும் புள்ளியியல் சோதனை 'சைன் டெஸ்ட்' (கூடியதா குறைந்ததா என்ற குறிகளை எண்ணுவது) ஒன்றே. மற்றவற்றில் எதைப் பயன்படுத்துவது, ஏன் என்பதே கேள்வி: வேறுபாடா தொடர்பா, ஒரே ஆட்களா வேறு வேறு ஆட்களா, தரவு எந்த வகை?

சைன் டெஸ்ட்டில் பலர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. 9 பேரில் 7 பேருக்கு மதிப்பு கூடியது, ஒருவருக்குக் குறைந்தது, ஒருவருக்கு மாற்றமில்லை என்று வைப்போம். மாற்றமில்லாதவரை நீக்க வேண்டும்; கணக்கில் சேரும் ஆட்களின் எண்ணிக்கை 'என்' = 8. குறைவாக வந்த குறியின் எண்ணிக்கை எஸ் = 1. இருபக்கச் சோதனை (கூடுமா குறையுமா என்று முன்கூட்டிச் சொல்லாதது), 0.05 மட்டத்தில் அட்டவணை மதிப்பு 0. எஸ் அதற்குச் சமமாகவோ சிறிதாகவோ இருந்தால்தான் முடிவு குறிப்பிடத்தக்கது. இங்கே எஸ் அதைவிடப் பெரிது, முடிவு குறிப்பிடத்தக்கதல்ல. அந்த ஒருவரை மறந்து என் = 9 என்று பார்த்தால் அட்டவணை மதிப்பு 1 ஆகி, முடிவு தலைகீழாகிவிடும். தினமும் ஒரு கணக்கு, பத்து நிமிடம், இரண்டு கிழமை செய்யுங்கள், கை நடுங்காது.

அம்மாவின் பேச்சில் "விசர்" என்ற சொல் தவறு. நோயாளிகளை அப்படிச் சொல்ல வேண்டாம் என்று பணிவாகச் சொல்லலாம். ஆனால் வேதியியல் பற்றி அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உளவியலாளராக பிபிஎஸ் (பிரித்தானிய உளவியல் சங்கம்) அங்கீகரித்த பட்டம் வேண்டும். சிகிச்சை உளவியலாளராக அதற்கு மேல் மூன்றாண்டு முனைவர் பயிற்சி. அதற்கு வேதியியல் தேவையில்லை. மருந்து எழுதும் மனநல மருத்துவராக ஆசையென்றால் முதலில் மருத்துவப் பட்டம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வேதியியல் கேட்கின்றன. உங்கள் ஆசை இரண்டில் எது என்று இந்தத் தவணைக்குள் பாட ஆசிரியரிடம் பேசுங்கள். பாடம் மாற்ற வேண்டியிருந்தால் முதலாண்டு முடிந்தபின் மிகக் கடினம்.