அப்பா நன்றாகத்தானே இருக்கிறார், பிறகேன் ஐ.சி.டி?

அப்பா நன்றாக நடமாடுகிறார், ஆனாலும் வைத்தியர் ஐ.சி.டி (குழம்பிய இதயத் துடிப்பை ஷொக் கொடுத்துச் சரிசெய்யும், உடம்புக்குள் வைக்கும் சின்னப் பெட்டி) வைக்கச் சொல்கிறார், அதுவும் பேஸ்மேக்கரும் ஒன்றுதானே, குளிசையோடு சமாளிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பெரியப்பாவும் இதையேதான் வெள்ளவத்தையிலிருந்து கிளினிக் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டு வந்தார். இப்போது அவருக்கும் ஒன்று இருக்கிறது.

பேஸ்மேக்கர், மெதுவாகத் துடிக்கும் இதயத்தை ஓட்டுவதற்கு. ஐ.சி.டி அதையும் செய்யும், ஆனால் அதை வைப்பது வேறு காரியத்துக்கு. இதயத்தின் கீழறை திடீரென்று தாறுமாறாக அடிக்கத் தொடங்கினால் மூளைக்கு இரத்தம் போகாது, சில விநாடிகளில் ஆள் விழுந்துவிடுவார். 1990க்கு அடித்து, அம்புலன்ஸ் காலி வீதி நெரிசலைத் தாண்டி வரும்வரை இதயம் காத்திருக்காது. ஸ்கான் ரிப்போர்ட்டில் ஈ.எஃப் என்று ஒரு இலக்கம் இருக்கும், பாருங்கள். கீழறையில் நிறையும் இரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவை இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. மருந்து எடுத்தும் அது 35 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால், ஆள் நன்றாக நடமாடினாலும் இந்த ஆபத்து உண்டு. குளிசை ஆபத்தைக் குறைக்கும், ஆனால் துடிப்பு குழம்பிய நேரத்தில் அதை நிறுத்தாது. ஐ.சி.டி நிறுத்தும். அதற்காக இதயம் பலமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், குளிசை தொடரத்தான் வேண்டும்.

1980இல் அமெரிக்காவின் பால்டிமோரில் முதலாவது ஆளுக்கு ஐ.சி.டி வைத்தபோது நெஞ்சைத் திறந்து, பெட்டியை வயிற்றில் வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே சின்னதாக வெட்டி, இரத்த நாளம் வழியாக வயரை இறக்கிவிடுகிறார்கள்.

ஷொக் நோகுமா? நோகும். பெரியப்பாவுக்கு ஒருமுறை அடித்தபோது தேத்தண்ணிக் கோப்பை சுவரில் போய் விழுந்தது. “ஆரடா உதைச்சது?” என்று எங்களையே திட்டினார். ஆனால் எல்லாத் தடவையும் ஷொக் அடிக்காது. பல நேரம் வேகமான சின்னத் துடிப்புகளைக் கொடுத்தே சரிசெய்துவிடும், ஆளுக்குத் தெரியவும் தெரியாது. ஒரு ஷொக் அடித்து, ஆள் பிறகு சுகமாக இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். அடுத்தடுத்து அடித்தால், அல்லது மயக்கமோ நெஞ்சுநோவோ இருந்தால் உடனே 1990. ஷொக் அடிக்கும் நேரம் அவரைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆபத்தில்லை, அம்மாவிடம் இதை முதலே சொல்லி வையுங்கள்.

போனை பெட்டி இருக்கும் பக்கச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது. பற்றரி சில வருடங்களில் தீரும், அப்போது பெட்டியையே மாற்றுவார்கள். அந்தச் செலவையும் இப்போதே விசாரியுங்கள். அப்பா வாகனம் ஓட்டுபவர் என்றால் எவ்வளவு காலம் ஓட்டக்கூடாது என்று வைத்தியர் வாயாலேயே அவருக்குச் சொல்ல வையுங்கள். எங்கள் வீட்டில் ஒப்பரேஷனை விடப் பெரிய சண்டை கார்ச் சாவிக்குத்தான் நடந்தது.