மதியம் கண் சொக்குது, ராத்திரி தூக்கம் வரலை: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: வயது 38, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மதியச் சாப்பாடு முடிந்தால் கண் சொக்குகிறது. மாலை 5 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி உள்ளே போனால்தான் தெளிவு. ராத்திரி 12 ஆனாலும் தூக்கம் வருவதில்லை. யோகா, டைரி, அதிகாலையில் எழுவது எல்லாம் ஒன்றாகத் தொடங்கி ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன்.

பதில்: யோகாவும் டைரியும் இருக்கட்டும். முதலில் அந்த 5 மணி காபியைக் கவனியுங்கள்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் கண்ணைச் சுழற்றுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். காபியிலுள்ள காஃபீன் அதைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அசதி அப்படியே இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடலாம், குறையலாம். அப்படியென்றால் ராத்திரி 10 மணிக்கும் பாதி காபி உள்ளேதான் இருக்கிறது. கடைசி காபியை மதியம் ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். டீயும் இந்தக் கணக்கில் வரும். சட்டென்று நிறுத்தினால் தலைவலி வரலாம். அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள், அல்லது டிகாஷனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மதியச் சொக்கலுக்குச் சோற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. உடலின் கடிகாரமே அந்த நேரத்தில் கொஞ்சம் தொய்யும். வயிறு முட்டச் சாப்பிட்டால் இன்னும் கூடும். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் நாற்காலிக்குப் போகாமல், படியிறங்கி ஒரு 10 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு புதியதை ஒட்டவைத்தால் தனியாக நினைவுபடுத்த வேண்டியதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாட்கள் ஆனது; சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. நீங்கள் ஒரு வாரத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்!

அப்புறம், கணக்கு சரிபார்ப்பது போன்ற தலையைக் குடையும் வேலைகளைக் காலையில் முடியுங்கள். போன் பேசுவது, ஃபைல் அடுக்குவதெல்லாம் மதியத்துக்கு.

இதையெல்லாம் செய்தும் பகலில் தூக்கம் தள்ளினால், அல்லது பலமாகக் குறட்டை விடுவதாக வீட்டில் சொன்னால், மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லலாம். குறட்டை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். பலர் வெட்கப்பட்டு அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.