அப்பாவின் தன்வரலாற்றில் கடன் பக்கங்களை எடுத்துடலாமா?

வணக்கம், பாலக்கோடு நண்பரே. நாவல் எழுதுற உங்க அப்பா தன் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாம எழுதியிருக்கார், தாத்தா கடன்ல நிலம் போன பக்கங்களை எடுத்துடணும்னு அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கிறார்னு எழுதியிருந்தீங்க.

தயவுசெஞ்சு எடுக்காதீங்க. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப், அப்பா கடனுக்கு வீட்டுச் சாமான் ஜப்தியானதையும், ஹாரோ பள்ளியில அழுக்கு உடையோட பட்ட அவமானத்தையும் தன்வரலாற்றுல அப்படியே எழுதினார். எழுத்துல வந்த வருமானத்தைக்கூட 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ்னு கணக்குக் காட்டினார். எவ்வளவு பெரிய மனசு! ஆனா 1876-ல முடிச்ச கைப்பிரதியை மகன்கிட்ட கொடுத்து, தன் காலத்துக்கு அப்புறம் வெளியிடச் சொன்னார். 1882-ல இறந்தார், 1883-ல புத்தகம் வந்துச்சு.

இந்த வழி உங்களுக்கும் பொருந்தும். எப்போ வரணும்னு அப்பாகிட்டயே கேளுங்க. கடன் கொடுத்தவங்க குடும்பம் ஊர்லயே இருந்தா அந்தப் பேரை மட்டும் மாத்தலாம், அதுவும் அவர் சம்மதிச்சா.

முதல்ல நோட்டு முழுசையும் ஸ்கேன் பண்ணி, வெளியூர்ல ஒருத்தர்கிட்ட ஒரு பிரதி கொடுத்து வையுங்க. கிருஷ்ணகிரியில எங்க தாத்தா நாட்குறிப்புல சொந்தக்காரர் ஒருத்தர் பதினோரு பக்கம் கிழிச்சுட்டார். அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்ல இப்ப யாருமே இல்ல.