குற்ற உணர்ச்சியும் உணர்த்துதலும் - கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலை விழுந்தால் ஆராதனைக்குப் போக முடிவதில்லை. உபவாச ஜெபத்துக்குப் போயும் பல மாதம் ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஞானஸ்நானம் எடுத்தவன் நான் ஒருவன்தான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பெரியம்மா சாப்பிடக் கூப்பிடுவார். சாப்பிட்டாலும் மனசு குத்துகிறது, சாப்பிடாமல் வந்தாலும் குத்துகிறது. அப்பா இறந்த பிறகு அவருடைய ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) காசு என் பேரில் வந்தது, அதிலிருந்து தங்கச்சி சரியாகப் பேசுவதில்லை, அதுவும் ஒரு பாரம். பைபிள் வாசிப்பும் குறைந்துவிட்டது. ஜெபிக்க உட்கார்ந்தாலே "நீ வேஷக்காரன்" என்று உள்ளே ஒரு சத்தம். பரிசுத்த ஆவியானவர்தான் என் பாவத்தை எனக்கு உணர்த்துகிறாரா, இல்லை இது வெறும் குற்ற உணர்ச்சியா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சத்தம்.

"நீ வேஷக்காரன்" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன செய்ய முடியும்? எதைத் திருப்பிக் கொடுப்பது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது? தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் வந்து அப்படிப் பேசவில்லை. உரியாவின் பெயரைச் சொன்னார். அவன் மனைவியை எடுத்துக்கொண்டதையும், அவனை அம்மோனியரின் பட்டயத்தால் கொன்றதையும் முகத்துக்கு நேராகச் சொன்னார். தாவீது பாவத்தை ஒப்புக்கொள்கிற அதே வசனத்திலேயே (2 சாமுவேல் 12:13) கர்த்தர் அந்தப் பாவத்தை நீக்கிவிட்டார் என்ற பதிலும் வந்துவிடுகிறது. விளைவுகளைத் தாவீது அனுபவித்தார், அது வேறு. ஆனால் தான் செய்தது எது என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. ஆவியானவர் உணர்த்துவதும் அப்படிக் குறிப்பாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் பட்டியல். ஞாயிறு ஷிப்டை நீங்கள் போடவில்லை. அறுத்த செம்பனைக் குலையைச் சீக்கிரம் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் குலை வந்து குவிகிற மாதங்களில் ஆலை நிற்காது. இது உங்களுக்கே தெரியும். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று சொன்ன ஆண்டவர் அதை வைத்து உங்களை அடிக்கமாட்டார். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை போங்கள். பெரியம்மா வீட்டுச் சாப்பாடா? விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறார். போதகரோடு உட்கார்ந்து வாசித்து ஒரு முடிவுக்கு வாருங்கள். எந்த முடிவுக்கு வந்தாலும் பெரியம்மாவிடம் அன்பாகச் சொல்லுங்கள். வாசிப்பு குறைந்ததற்கு மருந்து வாசிப்பதுதான், நாளைக்கே தொடங்கலாம்.

சரி, அந்த வரி. ஈபிஎஃப் காசு, தங்கச்சி.

இவ்வளவு பெரிய பட்டியலில் ஒரு செயலும் அதனால் மனம் நொந்த ஓர் ஆளும் இருப்பது அந்த ஒரு வரியில்தான். அதையும் நடுவில் வைத்து, "அதுவும் ஒரு பாரம்" என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்குத் தோன்றுவதை மறைக்காமல் சொல்கிறேன். பொதுவாக எல்லாவற்றுக்கும் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தால், குறிப்பான ஒன்றைத் தொடாமல் தள்ளிப்போட முடிகிறது. உங்களுக்கு அது நடக்கிறதோ என்று நினைக்கிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். முஸ்லிம் அல்லாத சந்தாதாரர் யார் பெயரை எழுதி வைத்தாரோ அவருக்கே அந்தப் பணம் சொந்தம். எழுதி வைக்காமல் போயிருந்து, அம்மாவும் தாத்தா பாட்டியும் இல்லாமல் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால், உயில் இல்லாத சொத்தைப் பிரிக்கும் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமமாகத்தான் கொடுத்திருக்கும். ஒரு படிவத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா அந்தப் படிவத்தை எப்போது எழுதினார், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகும் முன்பா பின்பா, வாயால் எதுவும் சொன்னாரா? அவருக்கு மருந்து வாங்கியது யார், அடக்கச் செலவு யாருடையது? இவை உங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லி ஒருவன் வந்தபோது, என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று இயேசுவே கேட்டார் (லூக்கா 12). நான் எந்த மூலைக்கு? எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஜெபிக்க உட்கார்ந்தாலே சத்தம் வருகிறது என்றீர்களே, மத்தேயு 5:23, 24-ஐப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகச் சொல்கிறார் ஆண்டவர். உங்கள் ஜெபம் ஏன் தட்டிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். குற்ற உணர்ச்சி என்றாலே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் செய்த பாவம் நிஜம். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், பாவஞ்செய்தேன் என்று வாயால் சொல்லவும் செய்தான். ஆனால் போய்ச் சொன்னது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைவிரித்துவிட்டார்கள். பேதுருவும் அந்த இரவில்தான் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்து மனங்கசந்து அழுதான். பிறகு கடற்கரையில் ஆண்டவர் அவனிடம் மூன்று முறை கேட்டு, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். இரண்டு பேரின் துக்கமும் உண்மையானது, போன இடம்தான் வேறு. 2 கொரிந்தியர் 7:10-இல் தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பவுல் பிரிப்பது இப்படித்தான் எனக்குப் புரிகிறது. அதனால் தங்கச்சியிடம் போவதற்கு முன் ஆண்டவரிடம் அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்.

அதைச் சரிசெய்த பிறகும் சத்தம் ஓயாமல், தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்காத எண்ணம் வந்தால் தாமதிக்காமல் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு கிடையாது.

தங்கச்சியிடம் வாட்ஸ்அப்பில் பேச வேண்டாம், நேரில் போங்கள். கணக்கை முதலில் எடுக்காமல், "உனக்கு என்மேல் என்ன வருத்தம்?" என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். பணம் வீட்டுக் கடனுக்குப் போய்விட்டதென்றால் அதையும் சொல்லி, மாதாமாதம் எவ்வளவு முடியும் என்று சொல்லுங்கள். அவர் உடனே சமாதானம் ஆகாமலும் போகலாம், அதற்காகத் திரும்பவும் பழைய பட்டியலை எடுத்துவிடாதீர்கள். போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்